பழைய உழுந்து விதை உங்கள் வீட்டில் இருக்கிறதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மைசூர்ப் பருப்பை ஏன் வெளிநாட்டிலிருந்து இறக்க வேண்டும், நம் மண்ணில் விதைத்தால் வராதா என்று போன மாதம் இந்தப் பக்கத்தில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். 2022 பொருளாதார நெருக்கடியில் பருப்புக்கு நாம் பட்ட பாட்டை நினைத்தால் அது நியாயமான கேள்விதான். நூறு கிராம், இருநூறு கிராம் என்று நிறுத்து வாங்கிய நாட்களை இங்கே ஒருவரும் மறக்கவில்லை. அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. அதைவிட அவசரமான ஒரு விஷயமும் இருக்கிறது, நம் வீடுகளில் அழிந்துகொண்டு போகும் பழைய உழுந்து விதையைப் பற்றி. கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் 31 வருடம் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வுபெற்றவள். பிறந்தது சம்பூர். இப்போது உவர்மலையில் மகளோடு இருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு நாள் பருப்பு அரித்துக்கொண்டிருந்தபோது, பத்து வயதுப் பேத்தி பக்கத்தில் வந்து குந்தி, "அம்மம்மா, இது செடியிலயா மரத்திலயா காய்க்கிறது?" என்று கேட்டாள். பரம்பரை இயல்பு எப்படிக் கடத்தப்படுகிறது என்று காட்டும் மெண்டலின் பட்டாணிப் பரிசோதனையை எத்தனையோ வகுப்புக்குக் கரும்பலகையில் வரைந்து காட்டியவள் நான். ஆனால் ஒவ்வொரு நாளும் சட்டியில் கொதிக்கிற பருப்பின் செடியை ஒரு நாளும் கண்டதில்லை. தோல் நீக்கி, இரண்டாக உடைத்து, செம்மஞ்சள் நிறத்தில் சாக்கில் வந்து இறங்குவதைத்தான் நாம் பருப்பு என்று அறிந்திருக்கிறோம். அது ஒரு விதையின் வித்திலைதான் என்ற நினைப்பே வருவதில்லை.

அடுத்த நாள் சந்தைப் பக்கம் போய்த் தோலோடு கூடிய முழுப் பருப்புத் தேடினேன். நாலாவது கடையில் கிடைத்தது. அரைக் கிலோ வாங்கி வந்து, வெள்ளைத் துணி விரித்துப் பரப்பினோம். தூரத்தில் நின்று பார்த்தால் எல்லாம் ஒரே மண்ணிறம். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. சிலது சாம்பல் கலந்த மண்ணிறம், சிலது செம்மண் நிறம், ஒன்றிரண்டில் மெல்லிய பச்சை ஓடியிருந்தது. சிலதின் தோலில் ஊசி முனையால் குத்தியது போல் கறுப்புப் புள்ளிகள். சிலதில் காடை முட்டையில் இருப்பது மாதிரித் திட்டுத் திட்டாக. பேத்தி ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஆறு குவியலாக வைத்தாள். பிறகு கையில் இருந்த கண்ணாடியையும் பருப்பையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒரே வடிவம்" என்றாள். உண்மைதான். இலத்தீனில் இந்தப் பயிரின் பெயர் லென்ஸ். அதன் வடிவத்தைப் பார்த்துத்தான் கண்ணாடி வில்லைக்கே அந்தப் பெயரை வைத்தார்கள்.

அதற்குப் பிறகு நான் இந்தப் பயிரைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். ஏழு சோடி நிறமூர்த்தங்கள்தான், ஆனால் அவற்றில் அடங்கியிருக்கும் பரம்பரைத் தகவலின் நீளம் மனிதருடையதைவிடப் பெரியது. தோல் பச்சை, சாம்பல், மண்ணிறம், கறுப்பு என்று மாறும். பூ வெள்ளை, ஊதா, இளஞ்சிவப்பு. உள்ளே வித்திலை செம்மஞ்சள், மஞ்சள், பச்சை என்று மூன்று விதம். செம்மஞ்சள் ஆட்சியுடையது, மஞ்சள் பின்னிடைவானது, அதாவது இரண்டையும் கலந்தால் முதலில் செம்மஞ்சள்தான் வெளியே தெரியும், மெண்டலின் பட்டாணி மாதிரியே. நூறு விதை ஒரு கிராமளவே நிற்கிற வகையும் உண்டு, ஆறு ஏழு கிராம் வருகிற வகையும் உண்டு. இவ்வளவு வேறுபாட்டையும் முதன்முதலில் முறையாகப் பிரித்து எழுதியவர்களில் ஒருவர் யெலேனா பாருலினா என்ற சோவியத் பெண் விஞ்ஞானி. 1930இல் அவர் பெருவிதை, சிறுவிதை என்று இரண்டு பெரும் பிரிவாக்கினார். இந்தியப் பக்கத்துப் பருப்புச் செடிகளில் சுணை அதிகம் என்பதைக் கவனித்து அவற்றைத் தனிக் கூட்டமாக வைத்ததும் அவர்தான். அவருடைய கணவர்தான் உலகெங்கும் விதை சேகரித்த நிக்கொலாய் வாவிலோவ். வாவிலோவ் 1943இல் சரத்தோவ் நகரச் சிறையில் இறந்தார். அந்த நேரம் பாருலினாவும் அதே நகரத்தில் இருந்தார், கணவர் அங்கே சிறையில் கிடப்பது தெரியாமல். இதை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

சரி, விதைத்த கதைக்கு வருகிறேன். கார்த்திகையில் பதினாறு பூச்சாடிகளில் போட்டோம். மாரி மழையில் ஐந்து செடிகள் அடி அழுகிப் போயின. மிச்சம் பதினொன்று ஒரு சாணுக்குச் சற்று மேலே வளர்ந்தன. புளியிலை மாதிரிச் சின்னச் சின்ன இலை, நுனியில் ஒரு பற்றுக்கம்பி, தண்டு நூல் போல. தை மாதம் மூன்று செடி மட்டும் பூத்தது. வெள்ளைப் பூ, அதில் நீல நரம்பு, மொத்தமே ஒரு நெல்மணி அளவு. பூ விரிந்த அன்று பேத்தி பாடசாலைக்குப் போகமாட்டேன் என்று அடம்பிடித்தாள். காய் தட்டையாக வந்தது, ஒவ்வொன்றிலும் ஒரு விதை, மிஞ்சினால் இரண்டு. பங்குனி வெயிலில் எல்லாம் காய்ந்த பிறகு எண்ணிப் பார்த்தோம். பதினாலு விதை.

ஆகவே அந்த வாசகருக்கு என் பதில் இதுதான். மைசூர்ப் பருப்புக் குளிர்காலப் பயிர். வட இந்தியாவில் மாரிகாலம் முடிந்து பனி விழும் காலத்தில் விதைக்கிறார்கள். பூக்கும் நேரத்தில் வெப்பம் முப்பது பாகையைத் தாண்டிக்கொண்டு போனால் பூ உதிர்ந்துவிடும், காய் பிடிக்காது. திருகோணமலையில் நமக்கு அப்படி ஒரு குளிர் இல்லை. பதினாலு விதையை வைத்துக்கொண்டு சோறு கறி ஆக்க முடியாது.

ஆனால் பேத்தி கேட்ட அடுத்த கேள்வி என்னை விடவில்லை. ஒரே பையிலிருந்து எடுத்த விதைதானே, மூன்று மட்டும் ஏன் பூத்தது? கடைப் பையில் பல வயல்களின் விதை கலந்திருக்கும். அந்த மூன்றுக்கும் நம் பகல் நீளமும் நம் வெப்பமும் ஓரளவு ஒத்துப்போயிருக்க வேண்டும். பருப்புப் பயிரின் முழுச் சரித்திரமும் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது என்று பிறகு படித்தபோது தெரிந்தது.

துருக்கி, சிரியாப் பக்கத்தில் காட்டுச் செடியாக இருந்ததை மனிதர் வயலுக்குக் கொண்டுவந்தார்கள். சுமார் நாலாயிரம் வருடத்துக்கு முன்பு அது கங்கைச் சமவெளிக்கு வந்தது. அங்கே கோடை சீக்கிரம் வந்துவிடும். முந்திப் பூத்துக் காய்த்த ஒரு சில செடிகள்தான் தப்பின. வட இந்தியா, நேபாளம், வங்காளதேசம் எங்கும் விளைந்த பருப்பெல்லாம் அந்தச் சிலதின் சந்ததி. ஏக்கர் கணக்கில் பார்த்தால் கடல் போலப் பரந்திருக்கும், உள்ளே பரம்பரை வேறுபாடு மிகக் குறைவு. துரு நோயும் இலைக்கருகலும் வந்தபோது எதிர்த்து நிற்கக்கூடிய செடி அந்தக் கூட்டத்துக்குள் தேடினாலும் அகப்படவில்லை. மேற்கு ஆசியப் பருப்போடு ஒட்டிக் கலக்கலாம் என்றால், அது பிந்திப் பூக்கும். இது காய்த்து முடிகிறபோதுதான் அது மொட்டு விடும். ஆர்ஜென்டினாவிலிருந்து வந்த பிரகோஸ் என்ற வகைதான் அந்தப் பூட்டைத் திறந்தது. பெருவிதை, ஆனால் முந்திப் பூப்பது. இப்படி வெளியிலிருந்து வந்த விதைகளோடு கலந்த பிறகுதான் வங்காளதேசத்தில் நோயைத் தாங்குகிற பாரி மசூர் வகைகள் வந்தன.

நம் கடைக்கு வரும் கனடாப் பருப்புக்கும் இதே கதைதான். 1970 அளவில் கனடாவில் பருப்புப் பயிர் இல்லை என்றே சொல்லலாம். சஸ்கச்சுவான் பல்கலைக்கழகத்தில் அல் ஸ்லிங்கார்ட் என்பவர் பிற நாட்டு விதைகளை விதைத்துத் தேர்ந்தெடுத்து, 1978இல் லேர்ட் என்ற வகையை வெளியிட்டார். அது பரவியது. அதோடு அஸ்கோகைட்டா என்ற பங்கசு நோயும் பரவியது, ஏனென்றால் லேர்ட்டுக்கு அதைத் தாங்கும் சக்தி இல்லை. அந்தச் சக்தியை எங்கே தேடினார்கள்? திரும்பவும் பழைய விதைகளுக்குள்தான். இன்று உலகத்திலேயே அதிகம் பருப்பு ஏற்றுமதி செய்யும் நாடு கனடா.

இந்தப் பழைய விதைகளை யார் வைத்திருந்தார்கள் என்று பார்த்தால் அங்கேயும் ஒரு யுத்தம் வந்து நிற்கிறது. உலகத்தின் மிகப் பெரிய பருப்பு விதைச் சேகரிப்பு சிரியாவில் அலெப்போ நகரத்துக்குப் பக்கத்தில், இக்கார்டா என்ற ஆய்வு நிலையத்தில் இருந்தது. அங்கே சண்டை வந்தது. ஆனால் அதற்கு முன்பே அவர்கள் விதையில் ஒரு பங்கைப் பிரித்து, வட துருவத்துக்குப் பக்கத்தில் நோர்வேயின் சுவல்பார்ட் தீவுக்கூட்டத்தில் 2008இல் திறக்கப்பட்ட விதைப் பெட்டகத்துக்கு அனுப்பத் தொடங்கியிருந்தார்கள். 2015இல் அந்தப் பெட்டகத்திலிருந்து முதன்முதலில் விதையை மீட்டு எடுத்தவர்கள் அவர்கள்தான். லெபனானிலும் மொரோக்கோவிலும் விதைத்துப் பெருக்கி, 2017இல் திரும்பவும் ஒரு பங்கைப் பெட்டகத்துக்கே கொடுத்தார்கள்.

2015 என்ற வருடத்தை வாசித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்தேன். சம்பூர்ச் சனம் ஊருக்குத் திரும்பத் தொடங்கியது அந்த வருடத்தில்தான்.

ஊர்ச் சனம் 2006இல் யுத்தத்தால் வெளிக்கிட்டது. நான் அப்போது நகரத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அம்மா ஊரில். வெருகல் தாண்டி, வாகரை தாண்டி, மட்டக்களப்பு வரைக்கும் போய், பிறகு கிளிவெட்டி முகாமுக்கு வந்து சேர்ந்தார். கையில் அடையாள அட்டை, ஒரு சேலைப் பை, காணி உறுதி. அடுப்படிப் பரணில் மூன்று பானை விதை இருந்தது. ஒன்றில் உழுந்து, ஒன்றில் பயறு, ஒன்றில் கொள்ளு. வெயிலில் நன்றாகக் காயவைத்து, ஆறவைத்து, அடுப்புச் சாம்பல் கலந்து, மேலே வேப்பிலை போட்டு, வாயைச் சாணமும் மண்ணும் குழைத்து மெழுகி வைத்திருப்பார். வண்டு அடிக்காது. ஒவ்வொரு பெரும்போகமும் அதில்தான் விதைப்பு. முகாமில் அம்மா வீட்டைப் பற்றி அழுததைவிட அந்தப் பானைகளைப் பற்றித்தான் அதிகம் பேசினார். "உழுந்து முளைப்பு விட்டுப் போயிருக்கும் பிள்ளை" என்று ஒவ்வொரு ஐப்பசியிலும் சொல்வார். 2011இல், சம்பூரைத் திரும்பக் காணாமலே போய்விட்டார்.

அம்மாவின் உழுந்து எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. கடை உழுந்து போலப் பளபளப்பு இல்லை, கரி போல மங்கல் கறுப்பு. மணி பொடிசு. ஆனால் ஒரே மாதிரியும் இல்லை, நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பச்சை கலந்து வரும். காயில் சுணை அப்படி இருக்கும், பிடுங்கிவிட்டு வந்தால் கை அரிக்கும். சில செடி குத்துச் செடியாக நிற்கும், சிலது தரையில் ஓடும். முந்தி முற்றுவதும் பிந்தி முற்றுவதுமாக இருப்பதால் மூன்று தரம் பிடுங்க வேண்டும். அது சிரமம் என்று நான்கூட ஒருமுறை அம்மாவிடம் சொன்னேன். "ஒரு மழையில எல்லாம் போகாதல்லோ" என்றார். ஒரு விஞ்ஞான ஆசிரியைக்கு அவருடைய தாய் சொல்லிக்கொடுத்த பாடம் அது. அப்போது எனக்கு விளங்கவில்லை.

இன்று நம் மாவட்டத்தில் உழுந்து விதைக்கிறவர்கள் பெரும்பாலும் பை விதை வாங்குகிறார்கள். எம்.ஐ. 1, அனுராதா. பயறு என்றால் எம்.ஐ. 5, எம்.ஐ. 6. கௌபி என்றால் வருணி, தவல. எல்லாம் நல்ல வகைகள். நம் நாட்டு விஞ்ஞானிகள் உழைத்துக் கொண்டுவந்தவை, விளைச்சல் தருபவை. அவற்றைக் கைவிடச் சொல்லி நான் எழுதவில்லை. ஆனால் வயல் முழுவதும் ஒரே விதை நிற்கும்போது என்ன நடக்கும் என்பதைப் போன வருடம் தம்பலகாமத்தில் மச்சானின் தோட்டத்தில் பார்த்தேன். வெள்ளை ஈ வந்து மஞ்சள் நோய் பிடித்தது. முதல் நாள் அங்கொன்றும் இங்கொன்றுமாக மஞ்சள் புள்ளி. இரண்டு கிழமைக்குள் வேலியிலிருந்து வேலி வரைக்கும் மஞ்சள். மச்சான் ஒன்றும் பேசாமல் உழவு மெசினுக்குச் சொல்லி அனுப்பினார்.

இனி நான் உண்மையில் எழுத வந்த விஷயம். போன வருடம் தோப்பூரில் ஒரு கல்யாண வீட்டில் எண்பது வயது தாண்டிய ஒரு உம்மாவைச் சந்தித்தேன். சம்பூர் என்றதும் யாருடைய மகள் என்று கேட்டார். சொன்னேன். எழும்பி உள்ளே போய் ஒரு பழைய பிஸ்கட் பேணியைக் கொண்டுவந்தார். திறந்தால் சாம்பலுக்குள் உழுந்து. மங்கல் கறுப்பு, நடுவே பச்சை. இந்த விதை உங்கள் பக்கத்திலிருந்து வந்ததுதான், எங்கள் வீட்டிலிருந்து எள்ளும் கௌபியும் அங்கே போகும், அங்கேயிருந்து உழுந்து இங்கே வரும் என்றார். ஒவ்வொரு மாரியிலும் கிணற்றடியில் இரண்டு பாத்தி போட்டுப் புதுப்பித்துக்கொண்டு வந்திருக்கிறார். எதற்காக என்று கேட்டேன். "மாறிப்போன உழுந்துல தோசை சரி வராது மகள்" என்றார். அவ்வளவுதான் காரணம்.

மூன்று பிடி தந்தார். அது அம்மாவின் விதையேதானா என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது. இந்த மாரியில் பின் வளவில் இரண்டு வரிசை அது, இரண்டு வரிசை பை விதை என்று பக்கத்தில் பக்கத்தில் போட்டேன். மஞ்சள் நோய் இரண்டுக்கும் வந்தது. பை விதை வரிசையில் எல்லாச் செடியும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் மஞ்சளித்தன. பேணி விதை வரிசையில் 43 செடியில் 9 செடி கடைசி வரைக்கும் பச்சையாகவே நின்றன. நாலு வரிசையை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, அது எனக்குத் தெரியும். அந்த ஒன்பது தாங்கியது பரம்பரையாலா, ஈ அங்கே போகாததாலா என்று ஒரு ஆய்வுகூடம்தான் சொல்ல வேண்டும். ஆனால் சோதித்துப் பார்ப்பதற்கு விதை இருந்தால்தானே சோதிக்க முடியும்?

அந்த உம்மாவுக்கு இந்த வருடம் முழங்கால் ஏலாது, பாத்தி போடவில்லை. அவருடைய மகள் கொழும்பில். இப்படி எத்தனை பேணிகள் வெருகலில், ஈச்சிலம்பற்றில், குச்சவெளியில், திரியாயில், கிண்ணியாவில் கடைசி வருடத்தில் இருக்கின்றன? உழுந்து விதை சாதாரண வீட்டுச் சூட்டில் இரண்டு மூன்று வருடத்துக்கு மேல் நம்பி வைக்கக்கூடியதல்ல. ஒரு கிழவி படுக்கையில் விழுந்தால் ஒரு வகை போய்விடும்.

பேராதனைக்குப் பக்கத்தில் கன்னொறுவையில் தாவர மரபு வள நிலையம் இருக்கிறது. 1980களின் இறுதியில் ஜப்பான் உதவியோடு தொடங்கியது. உலர்த்திக் குளிரில் வைத்தால் விதை பல பத்து வருடம் இருக்கும். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது. ஒவ்வொரு பகுதியிலும் கமநல சேவை நிலையமும் விவசாயப் போதனாசிரியர்களும் இருக்கிறார்கள். ஆகவே புதிதாக எதையும் கட்டச் சொல்லி நான் கேட்கவில்லை. தை மாசியில் அறுவடை முடிகிற நேரம் ஒவ்வொரு கமநல சேவை நிலையத்திலும் ஒரு நாள் ஒதுக்கி, பழைய அவரையின விதை வைத்திருப்பவர்கள் ஒரு பிடி கொண்டுவாருங்கள் என்று கேட்டால் போதும். பள்ளிவாசலிலும் கோயிலிலும் ஒலிபெருக்கியில் சொல்லலாம். கொண்டுவருகிறவரிடம் நாலு விஷயம் எழுதி வாங்க வேண்டும். எந்த ஊர், யாரிடமிருந்து வந்தது, எந்த மாதம் போடுவது, எதற்குச் சமைப்பது. கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். தோசைக்கு நல்லது, களிக்கு நல்லது என்று சொல்கிற அந்த வார்த்தைக்குள்தான் அந்த விதையை இவ்வளவு காலம் ஒருத்தி காப்பாற்றிய காரணம் இருக்கிறது.

பாடசாலைகளுக்கும் ஒரு வேண்டுகோள். பரம்பரை பற்றிய பாடத்துக்கு மெண்டலின் பட்டாணிப் படத்தை வரைவதோடு நிற்காதீர்கள். பிள்ளைகளை வீட்டிலிருந்து உழுந்தும் பயறும் கொண்டுவரச் சொல்லி வெள்ளைத் துணியில் கொட்டுங்கள். நிறம், பளபளப்பு, அளவு என்று அவர்களே பிரிக்கட்டும். என் பேத்தி பிரித்த ஆறு குவியலும் இப்போதும் ஆறு ஜாம் போத்தலில் எங்கள் யன்னலில் இருக்கின்றன. பதினாலு பருப்பு விதையும் ஏழாவது போத்தலில்.

உங்கள் பத்திரிகை கிழக்கில் பல வீடுகளுக்குப் போகிறது. பழைய விதை வைத்திருப்பவர்கள் இருந்தால் ஊர்ப் பெயரோடு எழுதுங்கள் என்று இந்தப் பக்கத்தில் ஒரு சிறு அறிவித்தல் போடுவீர்களானால் பெரிய உதவி. பச்சையாக நின்ற அந்த ஒன்பது செடியின் விதையை நான் தனியே எடுத்துக் காயவைத்திருக்கிறேன். ஒரு சுண்டுக்குச் சற்றுக் குறைவு. அதில் பாதியைக் கன்னொறுவைக்கு அனுப்புகிறேன். ஒரு பிடியை மகனிடம் கொடுத்து, தோப்பூர் உம்மாவின் கிணற்றடியில் பாத்தி போட்டுக் கொடுத்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன். மிச்சத்தை வரும் ஐப்பசியில் சம்பூரில், அம்மாவின் அடுப்படி இருந்த இடத்துக்குப் பின்னால் விதைக்கப் போகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை,
உவர்மலை, திருகோணமலை.